சிறு பதிப்பகம் வழியாகச் சொந்தச் செலவில் புத்தகம்: எழுத்தாளர்களும் ஓவியர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பெரிய பதிப்பகங்கள் இருக்க, கைக்காசைப் போட்டு ஏன் சிறு பதிப்பகத்திடம் போகிறார்கள்?

முதல் காரணம், எந்த முடிவு யார் கையில் என்பது. எந்தத் தாள், எந்த அளவு, அட்டையில் யாருடைய ஓவியம், என்ன விலை, தீர்ந்தபின் மறுபதிப்பு உண்டா என்பதையெல்லாம் பெரிய பதிப்பகம் தன் ஆண்டுத் திட்டத்தை வைத்துத்தான் முடிவு செய்யும். அதில் தவறில்லை, போடுகிற பணம் அவர்களுடையது. ஆனால் முதல் கவிதைத் தொகுப்பு, ஓர் ஊரின் வரலாறு, சொல் குறைந்த படப் புத்தகம், வட்டாரச் சொல்லகராதி போன்றவை மெதுவாகத்தான் விற்கும். ஜனவரி புத்தகக் காட்சிக்கான பட்டியலில் அவற்றுக்கு இடம் கிடைப்பது அரிது. கையெழுத்துப் பிரதி ஓராண்டு, இரண்டாண்டு என்று வரிசையில் கிடக்கும்.

ஓவியர்களுக்கு இன்னொரு காரணம் உண்டு. தமிழ்ப் பதிப்புலகில் அட்டைப் படத்துக்கும் உள்படங்களுக்கும் ஒருமுறை தொகை கொடுத்துக் கணக்கை முடித்துவிடுவதே வழக்கம். புத்தகம் பத்துப் பதிப்பு கண்டாலும் வரைந்தவருக்கு அதில் பங்கு கிடையாது. எழுத்தாளரும் ஓவியரும் சேர்ந்து செலவைப் போட்டால் பிரதிக்கு இவ்வளவு என்று பங்கு பேசிக்கொள்ளலாம். படமே புத்தகம் என்று நம்பும் சிறு பதிப்பகங்களில் ஓவியரை நடத்தும் விதமே வேறு. சென்னையில் 1994-இல் தொடங்கிய தாரா புக்ஸ், கையால் திரை அச்சிட்ட புத்தகங்களில் மத்திய இந்தியப் பழங்குடியினரான கோண்டு ஓவியர்களின் பெயரை நூலாசிரியர்களாகவே அட்டையில் போட்டது.

இது புதிய வழியும் அல்ல. உ.வே.சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தது முன்கூட்டியே பலரிடம் கையொப்பம் (பிரதிக்குப் பணம் தருவதாக உறுதி) வாங்கித்தான். சி.சு.செல்லப்பா ‘எழுத்து’ பிரசுரத்தின் நூல்களைக் கட்டிச் சுமந்துபோய் ஊர் ஊராக விற்றார்.

ஏற்பாடுகள் எத்தனை வகை?

நடைமுறையில் மூன்றைப் பார்க்கிறோம்.

முழுச் செலவும் ஆசிரியருடையது, பதிப்பகம் தன் பெயரையும் உழைப்பையும் தருகிறது என்பது ஒன்று. பிழைதிருத்தம், பக்க அமைப்பு, அச்சகத்தோடு பேசுவது, புத்தகக் காட்சி அரங்கில் வைப்பது எல்லாம் அவர்கள் பொறுப்பு. அடுத்தது செலவைப் பாதியாகப் பிரித்துக்கொண்டு வரவையும் அப்படியே பிரிப்பது. மூன்றாவதில் ஆசிரியர் தாமே ஒரு பதிப்பகப் பெயர் வைத்துக்கொண்டு, பக்க அமைப்பையோ விற்பனையையோ மட்டும் சிறு பதிப்பகத்துக்குக் கூலி கொடுத்துச் செய்துகொள்வார்.

நான்காவதாக ஒன்று உண்டு. அதற்குள் போகவேண்டாம். ‘வெள்ளித் திட்டம், தங்கத் திட்டம்’ என்று மொத்தமாகப் பணம் வாங்கிக்கொண்டு, யார் பிழை திருத்துகிறார், எத்தனை பிரதி அச்சாகிறது, மிச்சம் எங்கே இருக்கிறது என்று சொல்லாத இடங்கள் அவை. அடையாளம் காண்பது எளிது. அச்சகப் பில்லின் நகல் தருவீர்களா என்று கேளுங்கள். செலவை நீங்கள் கொடுக்கும் ஏற்பாட்டில் அதைக் காட்டத் தயங்குபவரிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

செலவுக் கணக்கை எப்படிப் போடுவது?

தாளிலிருந்து தொடங்குங்கள், மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் வரும். 160 பக்க டெமி அளவுப் புத்தகத்தை எடுத்துக்கொள்வோம். வெட்டியபின் சுமார் 14 × 21.5 செ.மீ. இருக்கும். 16 பக்கம் ஒரு ஃபாரம் என்ற கணக்கில் 10 ஃபாரம். 58.5 × 91 செ.மீ. டபுள் டெமி தாளில் இரண்டு பக்கமும் அச்சிட்டால் 32 பக்கம் வரும். ஆகப் பிரதிக்கு 5 தாள், 500 பிரதிக்கு 2,500 தாள், அதாவது 5 ரீம். ஓட்டத்திலும் பைண்டிங்கிலும் வீணாவதற்கு அரை ரீம் சேருங்கள்.

70 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 70 கிராம்) தாளில் அந்த அளவு ரீம் ஒன்று ஏறத்தாழ 18.6 கிலோ. ஐந்தரை ரீம் சுமார் 102 கிலோ. தாள் விலை மாதத்துக்கு மாதம் மாறும். கணக்குக்காகக் கிலோ 90 ரூபாய் என்று வைத்தால் தாளுக்கு மட்டும் சுமார் 9,200 ரூபாய், பிரதிக்கு 18 ரூபாய்க்குச் சற்று அதிகம். இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டு அச்சகத்துக்குள் நுழைந்தால் பேச்சே வேறுமாதிரி இருக்கும். இதன்மேல் பிளேட் (அச்சு எந்திரத்தில் பூட்டும் உலோகத் தகடு), அச்சுக்கூலி, 300 ஜிஎஸ்எம் ஆர்ட் கார்டு அட்டை, லேமினேஷன், பைண்டிங், வண்டி வாடகை. அச்சுக்கு முன்பே பிழைதிருத்தம், பக்க அமைப்பு, ஓவியருக்கான தொகை. புத்தகத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது, ஆனால் தாளிலும் அச்சக வேலையிலும் வரி உண்டு. விலைப்புள்ளி வாங்கும்போது வரி சேர்த்தா, சேர்க்காமலா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பக்க எண்ணிக்கை 16-இன் மடங்கில் நிற்பது நல்லது, குறைந்தது 8-இன் மடங்கிலாவது. 164 பக்கம் என்று முடிந்தால் அந்த 4 பக்கத்துக்காகத் தனியாக ஒரு ஓட்டம் போகும். முன்னுரையைச் சுருக்கியோ, அத்தியாயங்களை வலப்பக்கத்தில்தான் தொடங்கவேண்டும் என்ற பிடிவாதத்தை விட்டோ 160-க்குள் அடக்கிவிடலாம்.

எத்தனை பிரதி போடலாம்?

50 முதல் 200 பிரதிவரை டிஜிட்டல் அச்சு. பிரதிக்கு விலை கூடும், ஆனால் வீட்டில் கட்டுகள் தேங்காது. 300-ஐத் தாண்டும்போது ஆஃப்செட் (பிளேட் வழி அச்சு) விலைப்புள்ளியையும் வாங்கி ஒப்பிடுங்கள். 500-க்கு மேல் ஆஃப்செட்தான் கட்டுப்படியாகும், ஏனெனில் பிளேட் செலவு பிரதிகள்மேல் பரவிவிடுகிறது. ஆயிரம் போட்டால் பிரதிக்கு எட்டுப் பத்து ரூபாய் குறைகிறதே என்ற ஆசைதான் பலரைச் சாய்க்கிறது. முதல் புத்தகத்துக்கு 300 போதும் என்பதே எங்கள் கருத்து. நாற்பது வாசகர்களின் பெயரைக்கூட எழுதிக் காட்ட முடியாத நிலையில் ஆயிரம் வேண்டாம்.

விலை வைப்பதும் வரவும் எப்படி?

மேற்சொன்ன 160 பக்கப் புத்தகத்தை 500 பிரதி போட எல்லாம் சேர்த்து 40,000 ரூபாய் ஆனதாகவும், விலை 200 ரூபாய் என்றும் வைப்போம். பிரதிக்கு அடக்கம் 80. கடைக்காரர் கழிவு 30 முதல் 40 சதவீதம், மொத்த விற்பனையாளர் என்றால் இன்னும் கூடும். 35 சதவீதம் போனால் கைக்கு 130 வரும். போட்ட பணம் திரும்ப 308 பிரதி விற்கவேண்டும். காட்சி அரங்கில் 10 சதவீதத் தள்ளுபடியில் நேரடியாக விற்றால் பிரதிக்கு 180, அப்போது 223 பிரதி போதும்.

இதை, பதிப்பகமே செலவைப் போட்டு ஆசிரியருக்கு விலையில் 10 சதவீதம் தரும் வழக்கமான உரிமைத்தொகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 500 பிரதியும் கடைவழி விற்றால் சொந்தச் செலவில் போட்டவருக்கு 25,000 ரூபாய் மிஞ்சும். உரிமைத்தொகை வாங்கியவருக்கு 10,000. ஆனால் 200 பிரதிதான் போனது என்றால் முன்னவருக்கு 14,000 நட்டம், பின்னவருக்கு 4,000 வரவு. சொந்தச் செலவில் லாபம் அதிகம் என்று மட்டும் சொல்பவர் கணக்கின் பாதியை மறைக்கிறார். மதிப்புரைக்கும் நண்பர்களுக்கும் இலவசமாகப் போகும் 25, 30 பிரதிகளையும் கழித்துவிட்டே கணக்குப் போடுங்கள்.

ஒப்பந்தம் தேவையா? தெரிந்தவர்தானே பதிப்பாளர்?

தெரிந்தவர் என்பதால்தான் அவசியம். பின்னால் கசப்பு வருவது பெரும்பாலும் நேர்மைக் குறைவால் அல்ல, பேசாமல் விட்டதால்.

1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு உங்களுக்குத் துணை. உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில் இருக்கவேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்தாண்டு என்றே கொள்ளப்படும். எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். இலங்கை, சிங்கப்பூர், மலேசியா உரிமைகள் உங்களிடமே இருக்கும். தமிழ்ப் புத்தகத்துக்கு இது சின்ன விஷயமல்ல. உரிமை வாங்கியவர் ஓராண்டுக்குள் அதைப் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லியிருந்தால் ஒழிய, அந்த மாற்றம் காலாவதியாகிவிடும். ‘உலகளாவிய, நிரந்தர, அனைத்து உரிமைகளும்’ என்ற வரியைக் கண்டால் பேனாவைக் கீழே வையுங்கள். செலவு செய்தவரே உரிமையையும் விட்டுக்கொடுப்பதில் நியாயமே இல்லை.

சொந்தச் செலவு ஏற்பாட்டுக்கென்று சில வரிகள் வேண்டும். அச்சிட்ட பிரதிகள் யாருடைய சொத்து. ஆண்டுக்கு இரண்டு முறை, எந்தத் தேதியில் விற்பனைக் கணக்கும் இருப்புக் கணக்கும் வரும். கடைக்காரர் பணம் தராவிட்டால் இழப்பு யாருக்கு. ஒப்பந்தம் முடிந்தால் மிச்சப் பிரதிகள் எத்தனை நாளில் திரும்பும். இன்னொன்றைப் பலரும் மறக்கிறார்கள்: பக்க அமைப்பின் மூலக்கோப்பு. அச்சுக்குப் போன பிடிஎஃப் மட்டும் கையில் இருந்தால், மறுபதிப்பில் ஓர் ஒற்றுப்பிழை திருத்தவும் பழைய இடத்துக்கே போகவேண்டும். காசு நீங்கள் கொடுத்திருந்தால் இன்டிசைன் (பக்க அமைப்பு மென்பொருள்) கோப்பும், எழுத்துரு விவரமும், அட்டையின் அடுக்குகள் பிரிந்த கோப்பும் உங்களுக்கு வரவேண்டும்.

ஓவியருக்குத் தனி ஒப்பந்தம் வேண்டுமா?

கட்டாயம் வேண்டும், எழுத்தாளரைவிட ஓவியருக்குத்தான் இது அவசரம். அதே சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி, ஒருவர் கேட்டுக்கொண்டு, அவரிடம் பணம் வாங்கி வரைந்த ஓவியத்துக்கு, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், பணம் கொடுத்தவரே முதல் உரிமையாளர். வாய்ப்பேச்சில் வரைந்து கொடுத்தவர் பின்னால் தன் படம் நாட்காட்டியில் வந்திருப்பதைப் பார்த்து வருந்த நேர்வது இதனால்தான். ‘உரிமை ஓவியருடையது. இந்த நூலின் இத்தனையாவது பதிப்புவரை அட்டையிலும் உள்ளேயும், நூலின் விளம்பரத்திலும் மட்டும் பயன்படுத்த அனுமதி’ என்ற இரண்டு வாக்கியங்கள் போதும். மின்னூல், ஒலிநூல் அட்டை, சுவரொட்டி, பனியன் எல்லாம் தனித்தனி அனுமதி. தாளில் வரைந்த மூலப்படம் வருடியபின் ஓவியரிடம் திரும்பவேண்டும், அதற்கும் ஒரு தேதி எழுதுங்கள்.

57-ஆம் பிரிவு தரும் உரிமை, பதிப்புரிமையை விற்ற பிறகும் படைத்தவரிடம் இருக்கிறது. தம் பெயரைக் கோரலாம், தம் மதிப்பைக் குலைக்கும் விதமாகச் சிதைத்தால் தடுக்கலாம். படத்தைக் கேட்காமல் வெட்டுவது, நிறம் மாற்றுவது பற்றிப் பேசும்போது இதை நினைவில் வையுங்கள்.

படப் புத்தகத்தில் உரிமைத்தொகையைச் சரிபாதியாகப் பிரிப்பதே முறை. பதினாறு வரி எழுதியவருக்கு முழுப் பங்கும், இருபத்து நான்கு பக்கம் வரைந்தவருக்கு ஒருமுறைத் தொகையும் என்பது அநீதி.

திரையில் பளிச்சென்று இருந்த படம் அச்சில் ஏன் மங்கிப்போகிறது?

நான்கு காரணங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன.

திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, அச்சு நான்கு மையால். பளீர்ப் பச்சையும் மின்னும் நீலமும் சிஎம்ஒய்கே எனப்படும் அந்த நான்கு மைக்குள் அடங்காது. வரைந்து முடித்தபின் மாற்றாமல், தொடங்கும்போதே சிஎம்ஒய்கே முன்னோட்டத்தில் பார்த்து நிறம் தேர்ந்தால் ஏமாற்றம் குறையும்.

பூச்சு இல்லாத சாதாரணப் புத்தகத் தாளான மேப்லித்தோ மையை உறிஞ்சும், புள்ளிகள் பரவும். இருண்ட படம் சேறு பூசியது போலாகிவிடும். நடுத்தர நிழல்களைச் சற்று வெளிறவிடுங்கள். மொத்த மை அளவை (நான்கு மையின் சதவீதங்களையும் கூட்டியது) பூச்சுள்ள ஆர்ட் பேப்பருக்கு 300 சதவீதத்துக்குள்ளும், மேப்லித்தோவுக்கு அதைவிடக் குறைத்தும் வையுங்கள். மிஞ்சினால் ஈரம் காயாமல் எதிர்ப் பக்கத்தில் ஒட்டும்.

மூன்றாவது, கூர்மை. வண்ணப் படம் அச்சாகும் அளவில் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி), பேனாக் கோட்டோவியம் 1200 டிபிஐ, சாம்பல் நிறம் கலக்காத தூய கறுப்பு-வெள்ளையில். கைபேசியில் எடுத்த கோட்டோவியத்தில் வெள்ளைப் பின்னணி மஞ்சளாகத் தெரியும். அதைக் கறுப்பு மையில் அச்சிட்டால் படம் முழுக்கப் பொடிப் புள்ளி விழும். மாவட்டத் தலைநகர்களில் நல்ல வருடி உள்ள கடை கிடைக்கும், அந்தச் செலவைச் சேமிக்க வேண்டாம்.

நான்காவது, கறுப்பு எழுத்து. படத்தின்மேல் வரும் எழுத்து 100 சதவீதக் கறுப்பு மையில் மட்டும் இருக்கவேண்டும். நான்கு மையும் கலந்த கறுப்பாக இருந்தால் தாள் ஒரு நூலிழை நகர்ந்தாலும் ‘ணை’, ‘ஞ’ போன்ற எழுத்துகளின் சுழிக்குள் சிவப்பும் நீலமும் எட்டிப்பார்க்கும்.

வெட்டு விளிம்புக்கு வெளியே எல்லாப் பக்கமும் 3 மி.மீ. படம் நீளவேண்டும். இரு பக்கம் விரியும் படத்தில் முகமோ எழுத்தோ நடு மடிப்பில் விழக்கூடாது. பசை பைண்டிங்கில் மடிப்பு ஒவ்வொரு பக்கமும் ஐந்தாறு மி.மீ. விழுங்கிவிடும். 24 பக்கப் படப் புத்தகத்துக்கு நடு பின் அடிப்பதே சரி, முழுதாகத் திறக்கும், குழந்தை இழுத்தாலும் தாள் கழன்று வராது. எழுத்து 16 முதல் 18 புள்ளி.

அட்டை வரைபவர் முதுகுத் தடிமனை ஊகிக்கக்கூடாது. 80 இதழ் (160 பக்கம்), 70 ஜிஎஸ்எம் தாளில் ஏறத்தாழ 7 முதல் 8 மி.மீ. வரும், ஆனால் ஆலைக்கு ஆலை தாளின் பருமன் வேறு. அச்சகத்தில் அதே தாளில் வெற்று டம்மி (அச்சிடாத மாதிரிப் புத்தகம்) கட்டித் தரச்சொல்லி அளந்துகொள்ளுங்கள்.

தமிழ் எழுத்துருவில் என்ன தவறு நேரும்?

பழைய குறியாக்கத்தில் தட்டச்சிட்டதை யூனிகோடுக்கு மாற்றும்போது ‘கொ’ என்பது கொம்பு தனியாக, கால் தனியாகப் பிரியும். துணைக்காலுக்குப் பதில் ‘ர’ வந்திருக்கும். ‘ஔவை’யின் முதலெழுத்து ஒகரமும் ளகரமுமாக இரண்டாகியிருக்கும். கண்ணுக்குச் சரியாகத் தெரியும், தேடினால் கிடைக்காது, மின்னூலாக்கும்போது உடையும். எனவே பிரதியை முதலிலிருந்தே யூனிகோடில் வைத்திருங்கள். இன்டிசைனில் வேர்ல்ட்-ரெடி கம்போசர் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்புகள் இடம் மாறும்.

தமிழில் சொற்கள் நீளம். வரி முடிவில் சொல் தானாக உடையும்போது அடுத்த வரி ‘க்’, ‘த்’ என்று மெய்யெழுத்தில் தொடங்கிவிடும். இதைக் கண்ணால் பார்த்துத்தான் திருத்தமுடியும். முதல் மெய்ப்பை (பிழை பார்க்க எடுக்கும் பிரதி) வரி இடைவெளி விட்டு அச்செடுத்துப் படியுங்கள். இரண்டாவதைப் பக்க அமைப்பு முடிந்தபின், எழுதியவர் அல்லாத ஒருவர் படிக்கவேண்டும். தலைப்புகள், பொருளடக்கப் பக்க எண்கள், பின்னட்டை: பிழை இந்த மூன்றிலும்தான் ஒளிந்திருக்கும்.

ஐஎஸ்பிஎன் (நூலுக்கான சர்வதேச அடையாள எண்) வாங்கப் பணம் கட்டவேண்டுமா?

வேண்டாம். இந்தியாவில் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இலவசமாகத் தருகிறது. தனி ஆசிரியரும் இணையத்தில் விண்ணப்பிக்கலாம். இந்திய நூல்களின் எண் 978-81 அல்லது 978-93 என்று தொடங்கும். காகித அட்டை, கெட்டி அட்டை, மின்னூல் ஒவ்வொன்றுக்கும் தனி எண். எண் யார் பெயரில் இருக்கிறதோ அவரே பதிவேட்டில் பதிப்பாளர். பதிப்பகத்தை மாற்றினால் புது எண் வேண்டும். இதற்கென்று ஆயிரக்கணக்கில் கேட்டால் எதற்கு என்று விளக்கம் கேளுங்கள்.

வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா, மும்பை ஆசியாட்டிக் சொசைட்டி நூலகம், டெல்லி பொது நூலகம் நான்குக்கும் ஒவ்வொரு பிரதி அனுப்பவேண்டும் என்கிறது 1954-ஆம் ஆண்டுச் சட்டம். பலர் அனுப்புவதில்லை. ஐம்பதாண்டு கழித்து ஓர் ஆய்வாளர் உங்கள் புத்தகத்தைத் தேடினால் கிடைக்கும் இடம் இவைதான், தயவுசெய்து அனுப்புங்கள்.

நூலக ஆணையை (பொது நூலகங்களுக்கு அரசு பிரதிகள் வாங்குவது) நம்பி அச்சிடலாமா?

கூடாது. வந்தால் நல்லது. அந்தந்த ஆண்டு அறிவிப்பில் பதிப்பாண்டு, அளவு, தாள் பற்றிய விதிகளைப் படித்து விண்ணப்பியுங்கள். ஆனால் வராது என்று வைத்துக்கொண்டே பிரதி எண்ணிக்கையை முடிவு செய்யுங்கள்.

விற்பது எப்படி?

அச்சுக்குக் கொடுப்பதற்கு ஒரு மாதம் முன்பே முன்பதிவு. 200 ரூபாய்ப் புத்தகம் 150-க்கு, தபால் செலவு உட்பட, என்று அறிவித்தால் அச்சுக்கூலியில் ஒரு பகுதி முன்னதாகவே கைக்கு வரும். அதைவிட முக்கியம், எத்தனை அச்சிடலாம் என்பது தெரிந்துவிடும்.

1977-இல் தொடங்கிய சென்னைப் புத்தகக் காட்சியில் தனி ஆசிரியர் அரங்கு எடுப்பது கட்டாது. சிறு பதிப்பகத்தின் அரங்கில் இடம் கேளுங்கள். அட்டை தெரிய முகப்பில் வைப்பார்களா, முதுகு மட்டும் தெரியும்படி அடுக்குவார்களா என்று முன்பே பேசுங்கள், விற்பனை அதைப் பொறுத்திருக்கிறது. ஜனவரிக்கு டிசம்பர் கடைசியில் அச்சுக்கு ஓடாதீர்கள். அச்சகங்கள் மூச்சுத் திணறும் காலம் அது, லேமினேஷன் சரியாக ஒட்டாமல் கொப்புளம் எழுவதும் பசை காயுமுன் வெட்டி இதழ்கள் கழல்வதும் அப்போதுதான். அக்டோபரில் கோப்பு தயாராக இருக்கட்டும். ஈரோடு, மதுரை, மாவட்டக் காட்சிகளையும் கணக்கில் எடுங்கள்.

தபாலில் அனுப்ப, 2025 மே முதல் அஞ்சல் துறையின் புத்தகத் தபால் சேவையான ஞான் போஸ்ட் இருக்கிறது. 300 கிராம்வரை 20 ரூபாய், வரி தனி. மேலே சொன்ன 160 பக்கப் புத்தகம் அட்டையோடு 190 கிராம் அளவில்தான் வரும், உறையோடு சேர்த்தும் அந்த வரம்புக்குள் நிற்கும்.

விற்காத பிரதிகளை என்ன செய்வது?

முதலில் அவை கெடாமல் பாருங்கள். தரையிலும் சுவரை ஒட்டியும் வைத்தால் மழைக்காலத்தில் ஈரம் ஏறி அட்டை சுருளும், கரையான் வரும். மரப்பலகைமேல், சுவரிலிருந்து கையகலம் தள்ளி, புத்தகக் கட்டுகளைப் படுக்கவைத்து அடுக்குங்கள். பதிப்பகத்தின் கிடங்கில் இருந்தால் ஆண்டுக்கொருமுறை நேரில் போய் எண்ணுங்கள். இரண்டாண்டுக்குப் பிறகும் நூறு பிரதி மிச்சம் என்றால் பாதி விலைக்கு வாசிப்பு வட்டங்களுக்கும் பள்ளி நூலகங்களுக்கும் கொடுக்கலாம். ஒப்பந்தத்தில் பதிப்பகத்துக்கும் பங்கு இருந்தால் அவர்களிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள்.